டிஸ்க்கின் நீளம், அகலம், உயரம்

சர்வரக்காவை வீட்டில் யாரும் சர்வரக்கா என்று கூப்பிடுவதில்லை. அது அலுவலகத்தில் வைத்த பெயர். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, வயது நாற்பதை நெருங்குகிறது, எல்லோரையும்விட மூத்தவள், அதனால் அக்கா. அவளுடைய மாமியார் மட்டும் சொந்தக்காரர்களிடம் "எங்க மருமக சர்வர் வேலை பாக்குறா" என்று சொல்லி வைத்திருந்தார். போன கல்யாணத்தில் ஒரு பெரியம்மா, பந்தி பரிமாற ஆள் குறைகிறது என்று இவள் கையைப் பிடித்து இழுத்துப் போய் வாளியைக் கொடுத்துவிட்டார். இரண்டு பந்தி பரிமாறிவிட்டுத்தான் வந்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு மறுக்கத் தெரியாது.

அவள் இருந்தது லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில். நகரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகள் அவர்கள் பொறுப்பு. ஒவ்வொரு லிஃப்டும் நொடிக்கு ஒரு தடவை "நலமாக இருக்கிறேன்" என்று சர்வருக்குச் செய்தி அனுப்பும். சர்வர் அதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, "சரி" என்று பதில் அனுப்பும். ஒரு நிமிடம் பதில் வராவிட்டால், தன்னைக் கவனிக்க ஆளில்லை என்று லிஃப்ட் முடிவு கட்டி, பாதுகாப்புக்காக நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இப்படி ஒரு ஏற்பாட்டை எழுதிய புண்ணியவான் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஆக, நானூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகளின் க்ஷேமசமாசாரம் நாள் முழுக்க டிஸ்க்கில் வந்து விழுந்துகொண்டே இருந்தது. சர்வர் இருந்தது கிளவுடில். அதாவது வேறு யாருடைய கட்டடத்திலோ. டிஸ்க்கின் கொள்ளளவு ஐநூறு ஜிபி. மூன்று வாரத்துக்கு முன்பு எண்பத்தாறு சதவீதம் நிறைந்திருந்தது. அன்றைக்கே சர்வரக்கா கணக்குப் போட்டுப் பார்த்து, "இருபது நாள்ல ரொம்பிடும், ஆயிரமா ஆக்கணும்" என்று விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். திரையில் ஐநூறை அழித்து ஆயிரம் என்று போட்டு, நிர்வாக மேலாளர் தன் போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால் வேலை முடிந்தது. காபி ஆறுவதற்குள் முடிகிற காரியம்.

ஆனால் நிர்வாக மேலாளர் டேப் சார்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவு டேப் இருக்கும். அதனால் அந்தப் பெயர். இருபத்திரண்டு வருஷம் கிடங்கு நிர்வாகம் பார்த்தவர். ஒரு தடவை, அளக்காமல் கொள்ளாமல் யாரோ கிடங்கை நீட்டிக் கட்டி, மழைக்காலத்தில் கூரை மொத்தமும் மூட்டைகள் மேல் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளையாக அது சாப்பாட்டு நேரம், உள்ளே ஆளில்லை. அன்றிலிருந்து அளக்காத இடத்தில் டேப் சார் கையெழுத்துப் போடுவதில்லை. கெட்ட மனிதர் இல்லை. பிடித்தால் விடமாட்டார், அவ்வளவுதான்.

'சேமிப்பிடம் விரிவாக்கம்' என்ற படிவத்தில் மூன்றாவது கட்டம் நீளம், அகலம், உயரம். சர்வரக்கா அதைக் காலியாக விட்டுக் கொடுத்தாள், திரும்பி வந்தது. "பொருந்தாது" என்று எழுதிக் கொடுத்தாள், திரும்பி வந்தது. மூன்றாம் முறை ஆத்திரத்தில் "1000 ஜிபி" என்று எழுதினாள். டேப் சாரே நேரில் வந்துவிட்டார்.

"ஆயிரம்னு போட்டிருக்கியேம்மா, இது நீளமா, அகலமா?"

"ரெண்டும் இல்ல சார். கொள்ளளவு."

"கொள்ளளவு எப்படி வரும்? மூணையும் பெருக்கினாத்தானே வரும்? யாரோ பெருக்கியிருக்காங்க. அவங்ககிட்ட கேளு."

"சார், அது எங்க இருக்குன்னே நமக்குத் தெரியாது. கிளவுட்ல இருக்கு."

"எங்க இருக்குன்னே தெரியாத இடத்தை நீ ரெண்டு மடங்கு பெருசாக்கப் போற. நான் கையெழுத்துப் போடணும்."

அவர் சொன்ன விதத்தில் சர்வரக்காவுக்கே ஒரு கணம் தன் பேரில் சந்தேகம் வந்தது.

அழிக்கத் தன் கைக்குட்பட்டவற்றை எல்லாம் அவள் அழித்துப் பார்த்தாள். இந்த இழுபறியில் நாள்கள் ஓடின. இருபதாம் நாள் காலை திரையில் தொண்ணூற்றொன்பது என்று காட்டியது. அவள் கணக்கில் அன்று சாயங்காலம்வரை தாங்க வேண்டும். மதியம் இரண்டு நாற்பதுக்கே நூறு ஆகிவிட்டது. ஏன் என்று யோசிக்கக்கூட அவகாசம் இல்லை. அடுத்த நிமிடம் நகரத்தின் நானூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகளும் ஆளுக்கொரு இடத்தில் நின்றுபோயின.

அலுவலகத்தில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக அலற ஆரம்பித்தன. சர்வரக்காவின் சொந்தப் போனும் அடித்தது. நாத்தனார், கணவருடைய தங்கை. அன்றைக்குத்தான் அவர்கள் பதினாலாவது மாடி வீட்டுக்குக் குடி போகிறார்கள்.

"அண்ணி, எங்க லிஃப்ட் ஒம்பதுக்கும் பத்துக்கும் நடுவுல நின்னுடுச்சு. உங்க கம்பெனி லிஃப்ட்தானே?"

"ஆமாம்மா. உள்ள யாராவது இருக்காங்களா?"

"பீரோ இருக்கு."

"அப்பாடா. பீரோதானே."

"பீரோவுக்குள்ள அவர் இருக்கார் அண்ணி."

சர்வரக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பீரோவை ஏற்றியதும் லிஃப்டில் விரலை நுழைக்கவும் இடமில்லையாம். பீரோ தனியாகப் போனால் கதவு திறந்து மோதிக்கொள்ளும், யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு வந்திருக்கிறது. நாத்தனார் கணவர் எதற்கும் சண்டை பிடிக்காத மனுஷர். மெத்தை, போர்வையெல்லாம் மடித்து வைத்திருந்த பீரோவுக்குள் ஏறி உட்கார்ந்து, உள்ளிருந்து கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"மூச்சு விட முடியுதாமா? கூப்பிட்டுப் பாத்தியா?"

"கூப்பிட்டேன். குறட்டைச் சத்தம் கேக்குது."

"சரி, அப்ப நல்லாத்தான் இருக்கார். நான் பாக்குறேன்," என்று போனை வைத்துவிட்டு, லேப்டாப்பையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு டேப் சார் அறைக்கு ஓடினாள். நாற்காலி காலி. பழைய படிவங்களில் முன்மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஒன்பதாவது மாடிப் பதிவறைக்கு இப்போதுதான் கிளம்பினார் என்றார்கள்.

"எப்படிப் போனார்?"

"லிஃப்ட்லதான்."

அவர்கள் கட்டடத்து லிஃப்டும் நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. டிஸ்க்கைப் பெரிதாக்க டேப் சார் வேண்டும். டேப் சார் வெளியே வர டிஸ்க் பெரிதாக வேண்டும். இதை யாரிடம் போய் அழுவது? சர்வரக்கா படியேறினாள்.

ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றிருந்தது. ஐந்தாவது மாடிக் கதவில் காதை வைத்தால், மேலே உள்ளே இருந்து 'சர்ர்ர்' என்று டேப் இழுக்கும் சத்தம் கேட்டது.

"சார்! நல்லா இருக்கீங்களா?"

"யாரு, சர்வரா? நல்லாத்தான் இருக்கேன். இந்த லிஃப்ட் நம்ம பதிவேட்ல இருக்கறதைவிட நாலு சென்டிமீட்டர் அகலம் கம்மிம்மா. இத்தனை வருஷம் யாருமே அளந்து பாக்கல!"

"சார், டிஸ்க் ரொம்பிடுச்சு. உங்க போனுக்கு ஒரு எண் வரும். அதைச் சொன்னாப் போதும்."

"போன்ல கோடே இல்லம்மா. சுத்தமா சிக்னல் இல்ல. கோடு இருந்தாலும் படிவம் முடியாம எப்படிச் சொல்றது?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது, கீழேயிருந்து கனமான பூட்ஸ் சத்தம் வந்தது. தீயணைப்புத் துறை அதிகாரியம்மா. பின்னால் இரண்டு வீரர்கள், கையில் கடப்பாரை மாதிரி ஒரு கருவி. ஊரில் முக்கால்வாசி லிஃப்டுகளில் ஆள் மாட்டியிருக்கும்போது முதலில் இங்கே ஏன் வந்தார்கள் என்று கேட்டாள். "எல்லாத்தையும் ஒண்ணொண்ணா நெம்பிக்கிட்டு இருக்க முடியாதும்மா. வேர் எங்கன்னு கேட்டேன். இங்கன்னாங்க," என்றார் அதிகாரியம்மா.

வீரர்கள் இருவரும் மூச்சைப் பிடித்து நெம்பியதில், கதவுகளின் மேல்பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. அதில் டேப் சாரின் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன.

"சார், இன்னும் கொஞ்சம் நெம்பினா உங்களை இழுத்துடலாம்," என்றார் அதிகாரியம்மா.

"கூடாது. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிற லிஃப்டிலேர்ந்து யாரும் இறங்கக்கூடாது. விதி."

"யார் போட்ட விதி?"

"நான்தான் போட்டேன்."

அதிகாரியம்மா சர்வரக்காவைப் பார்த்தார். சர்வரக்கா படிவத்தை நீட்டினாள். "மேடம், இதுல ஒம்பதாவது கட்டம், தீயணைப்புத் துறையின் கருத்துன்னு இருக்கு. நீங்க எழுதிட்டா ஒரு கட்டம் முடியும்."

அதிகாரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படியில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். "இந்த டிஸ்க்குங்கற இடத்துக்குள்ள ஆளுங்க போய் வருவாங்களா?"

"மாட்டாங்க மேடம்."

"எரியற சாமான் ஏதாவது?"

"லிஃப்டுங்க நல்லா இருக்கேன்னு சொன்ன தகவல் மட்டும்தான்."

"அதுக்கெல்லாம் தீப்பிடிக்காது," என்று சொல்லிவிட்டு, 'ஆள் நடமாட்டம் இல்லாத இடமாதலால் ஆட்சேபணை இல்லை' என்று மணிமணியான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சர்வரக்காவுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

மீதி இருந்தது மூன்றாவது கட்டம். இடைவெளியில் தெரிந்த ஒற்றைக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், நீங்களே சொல்லுங்க. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுக்கு நான் என்னன்னு எழுதட்டும்? பொய் எழுதச் சொல்றீங்களா?"

"சேச்சே, பொய் எழுதக்கூடாது." டேப் சார் டேப்பை ஒரு தடவை 'சர்ர்ர்' என்று இழுத்துவிட்டார். பிறகு, "பெருக்கினா ஆயிரம் வரணும், அவ்வளவுதானே?" என்றார்.

"அவ்வளவுதான் சார்."

"நீளம் ஆயிரம். அகலம் ஒண்ணு. உயரம் ஒண்ணு. ஒல்லியா, நீளமா ஒரு இடம். நடைபாதை மாதிரி. அப்படி இருக்க வாய்ப்பு இருக்கா இல்லையா?"

"இல்லன்னு சொல்ல முடியாது சார்," என்றாள் சர்வரக்கா. அது உண்மைதான்.

படிவம் இடைவெளி வழியாக உள்ளே போனது. கையெழுத்தோடு வெளியே வந்தது. அடுத்து போன் வெளியே வந்தது. வெளியே வந்ததும் சிக்னல் பிடித்தது, எண்ணும் வந்தது. ஆனால் போன் பூட்டியிருந்தது. திறக்க டேப் சாரின் கட்டைவிரல் வேண்டும். போனை உள்ளே கொடுத்தால் சிக்னல் போகிறது, சிக்னல் இல்லாவிட்டால் எண்ணைக் காட்ட மாட்டேன் என்கிறது. வெளியே எடுத்தால் பூட்டிக்கொள்கிறது. எண்ணுக்கு ஆயுசு முப்பது நொடி. இரண்டு தடவை உள்ளே போய் வெளியே வருவதற்குள் இரண்டு எண்கள் செத்துப்போயின.

"சார், போன் இங்கயே இருக்கட்டும். நீங்க கட்டைவிரலை மட்டும் நீட்டுங்க!" என்று அதட்டினார் அதிகாரியம்மா.

இடைவெளி வழியாகக் கட்டைவிரல் ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது. ஒரு வீரர் இன்னொருவர் தோளில் ஏறி, போனை அதில் வைத்து அழுத்தினார். வியர்வை, திறக்கவில்லை. அதிகாரியம்மா தன் கைக்குட்டையைக் கொடுத்தார். விரலைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார்கள். திறந்தது. மேலே இருந்தவர் எண்ணைப் படிக்கப் படிக்க, சர்வரக்கா தட்டினாள். திரையில் ஐநூறு மறைந்து ஆயிரம் வந்தது.

எல்லோரும் லிஃப்டைப் பார்த்தார்கள். லிஃப்ட் அசையவில்லை.

"என்னம்மா?" என்றார் டேப் சார் உள்ளிருந்து.

"பக்கத்து மனை நம்ம பேருக்கு வந்தாச்சு சார். ஆனா நடுவுல பழைய சுவர் அப்படியே நிக்குது. சர்வருக்கு இன்னும் பழைய இடம்தான் தெரியும். சுவரை நகர்த்தணும், அப்புறம் உள்ள தரை போடணும். ரெண்டு கட்டளைதான்."

முதல் கட்டளையைத் தட்டினாள். 'இடமில்லை' என்று பதில் வந்தது. இடத்தைப் பெரிதாக்கும் வேலையைச் செய்யவே சர்வருக்கு எங்கேயாவது நாலு வரி எழுதிக்கொள்ளத் துளி இடம் வேண்டும். அந்தத் துளிகூட இல்லை. சுவரை இடிக்க வந்தவனுக்குச் சுத்தியலை வைக்க இடமில்லை.

அப்போது நாத்தனார் மறுபடி கூப்பிட்டாள். "அண்ணி, இப்ப குறட்டை நின்னுடுச்சு."

"ஐயோ! அப்புறம்?"

"முழிச்சுட்டார். எந்த மாடின்னு கேட்டார். ஒம்பதரைன்னு சொன்னேன். சரின்னு மறுபடி தூங்கிட்டார்."

சர்வரக்கா போனை வைத்துவிட்டு, எதையாவது அழிக்கலாமா என்று டிஸ்க்கைக் குடைந்தாள். காலையிலிருந்து புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தேடியதில் பதினாறு கோப்புகள் அகப்பட்டன. பதினாறும் ஒன்றே. அலுவலகக் கோப்புகளும் இதே டிஸ்க்கில்தான்; பதினாறு பிரிவுகளின் கோப்புறைகளிலும் ஆளுக்கொன்று. ஒவ்வொன்றும் இருநூறு எம்பி. திறந்து பார்த்தாள். நாற்பது பக்கம், வண்ணத்தில், மிக உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்தது. தலைப்பு: 'சேமிப்பிடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல் குறித்த சுற்றறிக்கை'. கீழே டேப் சார் கையெழுத்து.

சாயங்காலம்வரை தாங்க வேண்டிய டிஸ்க் இரண்டு நாற்பதுக்கே ஏன் மூச்சை விட்டது என்று இப்போது புரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொண்டையிலேயே அடக்கிக்கொண்டாள்.

"சார், காலையில ஒரு சுற்றறிக்கை போட்டீங்களா?"

"போட்டேனே! நீ இடம் இல்ல, இடம் இல்லன்னு மூணு வாரமா சொல்றியே, உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் போட்டேன். ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதினது. படிச்சியா?"

சர்வரக்கா கோப்பை மூடினாள்.

"அதை அழிக்கணும் சார். அப்பத்தான் லிஃப்ட் நகரும். நீங்க சரின்னு சொல்லணும்."

இடைவெளியில் ஒற்றைக் கண் மறுபடி தெரிந்தது. "எத்தனை பேர் திறந்து பாத்திருக்காங்கன்னு அதுல தெரியுமா?" என்றார் டேப் சார்.

தெரியும். அவள் பார்த்தாள். ஒருவர்கூடத் திறக்கவில்லை, இப்போது திறந்த தன்னைத் தவிர.

"ஒருத்தர் பாத்திருக்காங்க சார்."

"ஒருத்தராவது பாத்தாங்களே. சரி, பதினஞ்சை எடுத்துடு. ஒண்ணு இருக்கட்டும்."

பதினைந்தை அழித்தாள். அழித்து முடித்த கணமே லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுங்கிற்று. எழுத இடம் கிடைத்ததும் சர்வர் லிஃப்டுகளுக்கு "சரி, சரி" என்று பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. அதாவது, இன்றைக்கு மட்டும் பிழைத்துக்கொள்ளப் படிவமும் வேண்டியிருக்கவில்லை, கட்டைவிரலும் வேண்டியிருக்கவில்லை. இந்த உண்மை சர்வரக்காவுக்கு அந்த வினாடியே உறைத்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே மூச்சில் இரண்டு கட்டளைகளையும் தட்டி, சுவரை நகர்த்தி, தரையைப் போட்டு முடித்தாள்.

லிஃப்ட் டேப் சாரோடு மேலே போனது. யார் யாரோ எப்போதோ அழுத்திய பொத்தான்களை எல்லாம் மதித்து, ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவைத் திறந்து காட்டிவிட்டு, கால் மணி நேரம் கழித்துக் கீழே வந்தது. ஒவ்வொரு மாடியிலும் ஆள்கள் கை தட்டினார்களாம். அதிகாரியம்மா தன் கைக்குட்டையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீரர்களோடு படியிறங்கிப் போனார். லிஃப்ட் வேண்டாம் என்றுவிட்டார். நாத்தனார் வீட்டு பீரோ பதினாலாவது மாடியை அடைந்தது. உள்ளிருந்தவரை எழுப்பி இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

வேலை நேரம் முடிகிற சமயம் டேப் சார் சர்வரக்காவின் மேஜைக்கு வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காட்டும்மா, பாக்கலாம்."

அவள் திரையைத் திருப்பினாள். ஐம்பது சதவீதம் என்றிருந்தது.

"மீதி பாதியில இப்ப என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல சார். காலி."

அவர் அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்தார். "புதுக் கிடங்கு திறக்கறப்ப, சரக்கு வர்றதுக்கு முன்னாடி நான் தனியா உள்ள போவேன். நடுவுல நின்னு ஒரு குரல் கொடுப்பேன். சத்தம் திரும்பி வர்றதை வெச்சே சொல்லிடுவேன், சுத்தமா காலியா இருக்கா, மூலையில ஏதாவது கிடக்கான்னு." கொஞ்சம் தயங்கினார். "இதுல அந்த மாதிரி ஏதாவது..."

வேறொரு நாளாக இருந்தால் சர்வரக்கா சிரித்திருப்பாள். இன்றைக்கு யோசித்தாள். சர்வரிடம் ஒன்றைச் சொல்லி, அதையே திரும்பச் சொல்ல வைக்க ஒரு கட்டளை இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எல்லோரும் கற்றுக்கொள்வது. அந்தக் கட்டளைக்கு 'எக்கோ', அதாவது எதிரொலி, என்றுதான் பெயர்.

"இருக்கு சார். என்ன கூப்பிடுவீங்க?"

டேப் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். திரைப் பக்கம் குனிந்து, பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, "யாராவது இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்.

சர்வரக்கா அதை அப்படியே தட்டினாள். அடுத்த வரியில் சர்வர் 'யாராவது இருக்கீங்களா?' என்றது.

டேப் சார் ஒரு தடவை படித்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்பவர் போலத் தலையைச் சாய்த்தார்.

"காலியாத்தான் இருக்கு," என்றார். "நல்ல இடம்."